லயனல் டர்பைன்: கேபினில் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள்

அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியான லயனலின் பழைய நீராவி எஞ்சின்களில் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டர்பைன். 1946 முதல் 1955 வரை லயனல் கம்பெனி தயாரித்த, பென்சில்வேனியா ரயில்ரோடின் எஸ்-2 எஞ்சினைப் பார்த்துச் செய்த பொம்மை அது. கையில் எடுத்தால் கனம் தெரியும். நன்றாக எண்ணெய் போட்டு வைத்தால் இன்றைக்கும் சீராக ஓடும், புகை விடும், எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் நிலக்கரிப் பெட்டியான டெண்டரிலிருந்து விசில் அடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறை பென்சில்வேனியாவில் யார்க் ஊரின் கண்காட்சி மைதானத்தில் கூடும் ரயில் சந்தையில் இது இல்லாத வரிசையே கிடையாது. பெருவாரியாக விற்ற சரக்கு என்பதால் விலையும் இன்னும் எட்டாத உயரத்துக்குப் போய்விடவில்லை.

அந்த மலிவில்தான் வில்லங்கமும் இருக்கிறது. 'டர்பைன்' என்று மேசையில் வைத்திருப்பது ஒரே எஞ்சின் கிடையாது. கேபின் ஜன்னலுக்குக் கீழே உள்ள எண்ணைப் பார்த்தால் 671, 2020, 681, 682 என்று நான்கு வகை. 671-க்குள்ளேயே 1952-இல் வந்த 671ஆர்ஆர் ஒன்று, ரேடியோ செட்டோடு வந்த 671ஆர் ஒன்று. எண் மாறாமல் உள்ளே மட்டும் மாறிய வருடங்கள் தனி. விற்பவர் எழுதி ஒட்டிய சீட்டை அப்படியே நம்பினால், ஒரு வருடத்து எஞ்சினுக்கு வேறு வருடத்து விலையைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். ஆகவே இந்த விமர்சனத்தில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைவிட எதைப் பார்த்து எது என்று கண்டுபிடிப்பது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஓட்டத்தில் இவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை. ஒரு விஷயம் தவிர. அதற்கு வருகிறேன்.

முதலில் அசல் எஞ்சின். எஸ்-2 வகையில் கட்டியது மொத்தம் ஒன்றே ஒன்று. பால்ட்வின் தொழிற்சாலை 1944-இல் கட்டிக் கொடுத்தது. ரயில்ரோடு கொடுத்த எண் 6200. சிலிண்டர், பிஸ்டன் எதுவும் கிடையாது. நீராவி நேராக வெஸ்டிங்ஹவுஸ் டர்பைனுக்குப் போகும், டர்பைன் கியர் வழியாகச் சக்கரத்தைத் திருப்பும். முன்னே நாலு, நடுவே எட்டு, பின்னே நாலு சக்கரம் என்று தொடங்கிய திட்டம்தான். போர்க்காலத்தில் எடை குறைந்த உலோகக் கலவைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் எடை ஏறிப்போய், முன்னும் பின்னும் ஆறாறு சக்கரம் போடவேண்டியதாயிற்று. வேகத்தில் பிரமாதமாக ஓடியது. மெதுவாகப் போகும்போது நீராவியை அள்ளிக் குடித்தது. 1949-இல் ஓரங்கட்டினார்கள், 1952-இல் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். ரயில்ரோடு ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடியபோது, லயனல் அதன் பொம்மையை அமெரிக்கா முழுக்க விற்றுக்கொண்டிருந்தது. அசல் குப்பைக்குப் போன பிறகும் மூன்று வருடம் விற்றது.

இந்தக் கதை வெறும் ரசனைக்காக இல்லை, அடையாளத்துக்கும் உதவும். பொம்மையிலும் சிலிண்டர் இல்லை; சக்கரங்களைச் சேர்க்கும் பக்கத் தண்டு மட்டும்தான். எஞ்சினின் முகத்தில் உள்ள கீஸ்டோனில், அதாவது பென்சில்வேனியா ரயில்ரோடின் சின்னத்தில், 6200 என்று இருக்கும். புதிதாக வருபவர்கள் அதைத்தான் மாடல் எண் என்று நினைத்து '6200 விலை என்ன' என்று தேடுவார்கள். 671-க்கும் முகத்தில் 6200, 682-க்கும் முகத்தில் 6200. மாடல் எண் பக்கவாட்டில், கேபினில்.

என் நண்பர் ஒருவர் எங்கே பழைய ரயில் பார்த்தாலும் உடனே போனில் படம் அனுப்புவார். "அண்ணா, டர்பைன் ஒண்ணு கிடைச்சிருக்கு, எடுக்கலாமா?" என்று கேள்வி. படம் எப்போதும் பக்கவாட்டில், அழகாக, வெளிச்சத்தில். நான் திருப்பிக் கேட்பது மூன்று படங்கள்: வயிறு, முகம், டெண்டரின் சக்கரங்கள். பக்கவாட்டுப் படத்தில் தெரிவது எண் மட்டும். வருடத்தைச் சொல்வது மற்ற மூன்றும்தான். அந்த மூன்றிலும் வயிற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். காரணம், டெண்டரை ஒரு நொடியில் கழற்றி வேறு எஞ்சினில் மாட்டிவிடலாம். முகத்தில் ஒட்டும் டீக்கால் இன்று புத்தம் புதிதாக விற்கிறது. மோட்டாரையும் சட்டத்தையும் மாற்ற யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். கூப்பிட்ட பக்கம் எல்லாம் வந்து நிற்கும் வாடகை சாட்சி மாதிரிதான் டெண்டர். அது சொல்வதைக் கடைசியில் கேட்டால் போதும்.

இனி வருடவாரியாக. இதில் 1946-இல்தான் நான் நின்று பேசுவேன். போர் முடிந்து கம்பெனி மறுபடி பொம்மைக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் முழு வருடம் அது. 1945-இல் ஒரே ஒரு செட்தான் போட்டார்கள். அடுத்த வருடம் கடையை முழுசாகத் திறந்தபோது முன்வரிசையில் நின்றது டர்பைன். முக்கியமான புதுமை, புகை. அதுவரை லயனல் எஞ்சின் எதுவும் புகை விட்டதில்லை. 1946-இல் அவர்கள் கண்டுபிடித்த வழி ஒரு பல்பு. பல்பின் கண்ணாடி உச்சியில் சின்னக் குழி இருக்கும். புகைபோக்கி வழியாக ஒரு மாத்திரையைப் போட்டால் அது குழியில் உட்கார்ந்து, பல்பின் சூட்டில் உருகிப் புகையும். முன்விளக்குக்கு வெளிச்சமும் அதே பல்பிலிருந்துதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்திருப்பார்கள். கிடைத்தது மெல்லிய புகை. சிகரெட் பிடிப்பவர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கிறார் என்கிற அளவுக்குத்தான்.

1947-இல் பல்பைத் தூக்கிவிட்டு, மின்தடைக் கம்பியைச் சுற்றிய ஹீட்டரைப் போட்டார்கள். இதுதான் நிஜமான புகை. பின்னால் வந்த எல்லா டர்பைனிலும் இதே வழிதான். ஆக, புகைபோக்கிக்கு உள்ளே பல்பா, ஹீட்டரா என்று பார்த்தால் 1946-ஐப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. பல்பு எஞ்சினை வாங்கியவர்களுக்காக லயனல் மாற்றுச் செட் ஒன்றை விற்றது. 671எஸ் என்று பெயர். அதை வாங்கி ஹீட்டர் போட்டுக்கொண்ட 1946 எஞ்சின்கள் உண்டு. ஆகவே பல்பு இருந்தால் 1946 என்று சொல்லலாம். பல்பு இல்லாவிட்டால் 1946 இல்லை என்று சொல்ல முடியாது.

அதனால்தான் வயிறு. 1946 மோட்டாரில் இரண்டு வார்ம் கியர், அதாவது திருகு வடிவப் பல்சக்கரம். இரண்டு அச்சுகளுக்கு மோட்டாரிலிருந்து நேராகச் சக்தி போகும். 1947-இலிருந்து ஒற்றை வார்ம். மற்ற சக்கரங்களைப் பக்கத் தண்டு இழுத்துக்கொள்ளும். இதை யாரும் வசதிக்காக மாற்றிப் போடுவதில்லை. இரட்டை வார்ம் இருக்கிறது, ஆனால் புகைக்கு ஹீட்டர் இருக்கிறது என்றால் அது பிறகு மாற்றிய 1946 எஞ்சின். ஒற்றை வார்ம் எஞ்சினில் பல்பு இருக்கிறது என்றால், யாரோ இரண்டு எஞ்சின்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். நகர்ந்துவிடுங்கள்.

முகமும் ஒரு கை கொடுக்கும். 1946-இல் 6200 என்ற எண் வெள்ளி நிற மையில் ரப்பர் ஸ்டாம்பாக இருக்கும். பிறகு வந்தவற்றில் சிவப்பு கீஸ்டோன் டீக்கால். வெள்ளி ஸ்டாம்ப் மிகவும் மென்மையானது. கட்டைவிரலால் நாலு தடவை தேய்த்தாலே மங்கிவிடும். எண்பது வருடம் ஆன எஞ்சினில் அது பளிச்சென்று, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மங்கலாக, ஒரு பக்கம் அழுத்தம் கூடி ஒரு பக்கம் குறைந்து இருந்தால் நிம்மதி. எஞ்சினை வாங்கியதும் பளபளப்பாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணின் மேல் எந்தத் திரவத்தையும் கொண்டுபோகாதீர்கள். துடைத்த துணியோடு எஞ்சினின் விலையில் பாதியும் போய்விடும்.

டெண்டருக்கு வருவோம். 1946-இல் 671-க்குப் பின்னால் வந்தது 2466டபிள்யூ. தகர உடம்பு, 'லயனல் லைன்ஸ்' என்ற எழுத்து. இப்படிப்பட்ட பிரம்மாண்டமான எஞ்சினுக்கு அந்தச் சின்ன டெண்டர் பொருந்தவே இல்லை என்பது என் அபிப்பிராயம். 1948-இல் 2671டபிள்யூ வந்ததும் உருவமே மாறிவிட்டது. நீளமான பிளாஸ்டிக் உடம்பு, 'பென்சில்வேனியா' என்ற எழுத்து, பக்கத்துக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு சக்கரம். இந்த டெண்டரிலேயே சிலவற்றில் பின்பக்கம் விளக்கு எரியும். அது கிடைத்தால் தனியாகவே எடுத்து வைக்கலாம். இந்தப் பெயர்களில் கடைசியில் வரும் டபிள்யூ என்றால் உள்ளே விசில் இருக்கிறது என்று பொருள். டபிள்யூ இல்லாத டெண்டர் ஊமை.

சந்தையில் அதிகம் பார்க்கும் குழப்பம் இதுதான்: 1946 எஞ்சினுக்குப் பின்னால் பன்னிரண்டு சக்கர டெண்டர். போன தடவை யார்க்கில் ஒரு மேசையில் அப்படி ஒன்று இருந்தது. 'அசல் 1946 ஜோடி' என்று சீட்டு. எஞ்சின் நிஜமாகவே 1946. திருப்பிப் பார்த்தேன், இரட்டை வார்ம், பல்பும் உயிரோடு. டெண்டர் பிறகு வந்த சரக்கு. விற்பவரிடம் சொன்னேன். அவர் தாத்தா வாங்கியதிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்றார். இருக்கலாம், தாத்தாவே ஆசைப்பட்டுப் பெரிய டெண்டர் வாங்கி மாட்டியிருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 'ஜோடி' என்ற சொல்லுக்குத் தனியாக ஐம்பது டாலர் கேட்டார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

2020 என்ற எண்ணைக் கண்டால் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். லயனல் அப்போது இரண்டு தரத்தில் தண்டவாளம் விற்றது. ஓ என்பது உயரமான, கனமான தண்டவாளம். முப்பத்தோரு அங்குல விட்டத்தில் வட்டம் போடும். ஓ-27 கொஞ்சம் தாழ்ந்தது. வட்டம் இருபத்தேழு அங்குலம். இரண்டிலும் தண்டவாள இடைவெளி ஒன்றேதான். ஆனால் கேட்டலாக்கில் இரண்டுக்கும் தனித்தனிச் செட், தனித்தனி எண். 671-ஐ ஓ-27 செட்டில் போட்டபோது கேபினில் 2020 என்று அடித்தார்கள். எஞ்சின் அதேதான். 1946 முதல் 1949 வரை இரண்டும் கூடவே ஓடின. 671-க்கு நான் சொன்ன அடையாளம் எல்லாம் 2020-க்கும் பொருந்தும்: முதல் வருடம் பல்பு, இரட்டை வார்ம், பிறகு ஹீட்டர், ஒற்றை வார்ம். விலை மட்டும் பெரும்பாலும் இறக்கம். ஓட்டுவதற்கு வாங்குபவர் 671-க்காகக் காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

2020-இன் டெண்டரில் ஒரு குட்டி நுட்பம் இருக்கிறது. 2020டபிள்யூ பிறகு 1948-இல் 6020டபிள்யூ ஆனது. முதல் இலக்கம் இரண்டிலிருந்து ஆறானதற்குக் காரணம் கப்ளர், பெட்டிகளை இணைக்கும் கொக்கி. போருக்குப் பின் வந்த முதல் கப்ளர்களில் ஒவ்வொன்றிலும் கம்பிச் சுருள் இருந்தது. சக்கர ட்ரக்கின் அடியில் ஒரு ஷூ தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும். 1948-இல் அதை எளிமையாக்கி, தண்டவாளத்தில் உள்ள காந்தம் கீழே இழுத்தால் திறக்கும் கப்ளராக்கினார்கள். லயனல் சாமான்களில் 2-இல் தொடங்கும் எண்கள் 6-ஆக மாறுவதைப் பல இடத்தில் பார்க்கலாம். ஆகவே 6020டபிள்யூ என்ற டெண்டரோடு நிற்கும் 2020 எஞ்சின் 1946-ஐச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால், குறைந்தது ஒரு பாதி பிறகு வந்து சேர்ந்தது.

671ஆர் பற்றிச் சுருக்கமாக. 1946-இல் ரேடியோவில் கட்டுப்படுத்தும் 'எலெக்ட்ரானிக் கண்ட்ரோல்' செட் வந்தது. பெட்டிக்குப் பெட்டி ரிசீவர், ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை. பொத்தானை அழுத்தினால் அந்தப் பெட்டி மட்டும் கப்ளரைத் திறக்கும். யோசனை காலத்தை மீறியது, விலையும் அப்படியே. விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை, 1949-ஓடு நிறுத்தினார்கள். இதில் தேடவேண்டியது எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் டீக்காலையும் டெண்டருக்குள் உள்ள ரிசீவரையும். டீக்கால் இருந்து ரிசீவர் இல்லையென்றால் அதற்கான விலையைக் கொடுக்காதீர்கள். இரண்டும் இருந்தாலும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1948-இல் சில 671 எஞ்சின்களின் ஓட்டுச் சக்கரங்களில் மெல்லிய நிக்கல் விளிம்பு உண்டு. பார்க்க அழகு. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாமா? கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டத்தில் உண்மையான வித்தியாசம் 1950-இல் வந்தது. கம்பெனி அதற்கு மேக்னட்ராக்ஷன் என்று பெயர் வைத்தது. அல்னிகோ காந்தத்தைச் சட்டத்தில் வைத்து, அச்சும் சக்கரமும் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். அந்த டர்பைனுக்கு 681 என்று எண் கொடுத்தார்கள். ஒரே வளைவில் 671-ஐயும் 681-ஐயும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். 671 சக்கரம் சறுக்கும் இடத்தில் 681 கூடுதல் பெட்டிகளோடு அலட்டிக்கொள்ளாமல் ஏறிப்போகும். வளைவில் வேகமாகப் போனாலும் லேசில் கவிழாது. ஓட்டுவதற்கு என்று கேட்டால் என் முதல் ஓட்டு 681-க்கே. ஆனால் நீங்கள் நிக்கல்-சில்வர் தண்டவாளம் போட்டிருந்தால் காந்தத்தால் பயனில்லை. அதில் காந்தம் ஒட்டாது. அப்படியானால் 671-ஏ போதும்.

681-ஐ 1950, 1951, 1953 ஆகிய வருடங்களில் விற்றார்கள். முதல் இரண்டு வருடம் பன்னிரண்டு சக்கர 2671டபிள்யூ டெண்டர். 1953-இல் எட்டுச் சக்கர 2046டபிள்யூ-50. அதிலும் 'பென்சில்வேனியா' என்றே இருக்கும். சக்கரத்தை எண்ணாமல் எழுத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. பன்னிரண்டு சக்கரம்தான் எஞ்சினுக்கு அழகு, விலையும் அதற்குத்தான் கூடுதல்.

1952 ஏன் விட்டுப்போயிற்று? கொரியப் போர். அல்னிகோவில் கோபால்ட்டும் நிக்கலும் சேரும். போர்த் தேவைக்கு அவை போக, பொம்மைக்குக் காந்தம் கிடைக்கவில்லை. லயனல் காந்தம் இல்லாமலேயே டர்பைனை விற்றது. 681 என்று போட்டால் காந்தம் எங்கே என்று கேட்பார்கள். ஆகவே பழைய 671-ஐயே மறுபடி எடுத்து, 671ஆர்ஆர் என்றார்கள். லயனலின் இன்னொரு எஞ்சினான பெர்க்ஷயருக்கும் இதே கதைதான். 736-க்குப் பதில் 726ஆர்ஆர் வந்தது. ஹட்சன் என்ற எஞ்சினில் 2046-க்குப் பதில் அந்த ஒரு வருடம் 2056. ஒரே வருடச் சரக்கு என்பதால் சேகரிப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள்.

வம்பும் இங்கேதான். எல்லா 671ஆர்ஆர் எஞ்சினிலும் ஆர்ஆர் என்று அடித்திருக்காது. சிலவற்றில் 671-க்குக் கீழே சின்னதாக ஆர்ஆர் இருக்கும்; சிலவற்றில் வெறும் 671 மட்டும். சாதாரண 671-க்குக் கீழே இன்றைக்கு ஒருவர் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றை வெட்டி ஆர்ஆர் அடித்துவிடலாம். அதற்கு அரை மணி நேரம் போதும். நான் பார்ப்பது மையின் சாயலை. மேலே உள்ள 671-உம் கீழே உள்ள ஆர்ஆரும் ஒரே மாதிரி வயதாகியிருக்கிறதா? எண் மங்கி, எழுத்து மட்டும் பிரகாசமாக இருந்தால் அது நேற்றுப் பிறந்தது. ஒரு பூதக்கண்ணாடி கையில் இருந்தால் போதும். இந்த எஞ்சினோடு வந்ததும் எட்டுச் சக்கர 2046டபிள்யூ-50 தான். ஆர்ஆர் இல்லாத 1952 எஞ்சினுக்கு நான் கூடுதல் விலை தரவே மாட்டேன். பழைய பெட்டியோ ரசீதோ இல்லாமல் அதை நிரூபிக்க விற்பவருக்கு வழி இல்லை.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேப்பர் கிளிப் இருக்கும். 681, 682 என்று சொன்னால் ஓட்டுச் சக்கரத்தில் வைத்துப் பார்ப்பேன்; ஒட்டவேண்டும். ஒட்டவில்லையென்றால் எண் பொய் என்று உடனே முடிவு கட்டவேண்டாம். சக்கரத்தையும் அச்சையும் கழற்றிப் பழுது பார்த்தவர்கள் காந்தத்தைக் கவனமில்லாமல் வெளியே எடுத்து வைத்திருந்தால் அதன் பலம் குறைந்துபோகும். காந்தம் செத்த 681 கிடைத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது இனிமேல் 671 மாதிரிதான் ஓடும்.

கடைசி டர்பைன் 682. 1954, 1955 என்று இரண்டே வருடம். 681-இல் இல்லாத இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. பக்கவாட்டு நடைமேடை ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. ஓட்டுச் சக்கரத்திலிருந்து மேலே போகும் ஒரு மெல்லிய கைத்தண்டு, எண்ணெய் போடும் கருவியின் இணைப்பு மாதிரி. ஓடும்போது அந்தத் தண்டு ஆடுவதைப் பார்க்கவே இதை வாங்கலாம். சிலிண்டர் இல்லாத எஞ்சினில் பக்கத் தண்டைத் தவிர வேறு எதுவும் அசையாது. இது ஒன்று சேர்ந்ததும் உயிர் வந்துவிடுகிறது. தொந்தரவும் இதே இரண்டில்தான். கைத்தண்டு உடையும், தொலையும்; மாற்றுத் தண்டு இன்று புதிதாகக் கிடைக்கிறது. வெள்ளைக் கோட்டை ஒரு 681-இல் வரைந்து, தண்டைத் திருகி, எண்ணை அழித்து மாற்றி அடித்தவற்றையும் பார்த்திருக்கிறேன். அசலில் எண் வெள்ளையில், சூட்டில் அழுத்திய ஹீட் ஸ்டாம்ப். நகத்தால் லேசாகத் தடவினால் பள்ளம் உணரலாம். பள்ளம் இல்லாமல் பெயின்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் 682 எண்ணைக் கண்டால் கேபினுக்குள் எட்டிப் பாருங்கள். மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் உள்பக்கத்தையும் திருகு ஓட்டைகளையும் மறந்துவிடுவார்கள். கறுப்பு அங்கே வேறு கறுப்பாக இருக்கும்.

மறுபெயின்ட் விஷயத்தில் டர்பைன் வாங்குபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1957-இல் லயனல் பெண் குழந்தைகளுக்காக என்று ஒரு இளஞ்சிவப்பு ரயில் செட் போட்டது. எஞ்சின் சாதாரண 2037-தான், நிறம் மட்டும் ரோஸ். அன்றைக்கு யாரும் வாங்கவில்லை. பெண் குழந்தைகளும் கறுப்பு எஞ்சினைத்தான் கேட்டார்கள் என்பது சந்தையில் வழக்கமாகச் சொல்லும் கதை. இன்றைக்கு அது அரிய சரக்கு. கறுப்பு 2037 மலிவு. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். டர்பைன் எல்லாமே கறுப்பு. அதனால் மோசடி எண்ணிலும் எழுத்திலும் அடங்கிவிடுகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்கவேண்டியவை. இவை எல்லாம் ஏசி மின்சாரத்தில் ஓடும், மூன்று தண்டவாளம். நடுத் தண்டவாளத்திலிருந்து ரோலர் மின்சாரம் எடுக்கும். ரோலரில் பள்ளம் விழுந்திருந்தால் நிறைய ஓடிய எஞ்சின். மின்சாரம் கொடுத்ததும் உள்ளே இ-யூனிட், அதாவது திசையை மாற்றும் சுவிட்ச், ரீங்காரமிடும். முன்னே, நிறுத்தம், பின்னே, நிறுத்தம் என்று ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை வெட்டிக் கொடுக்க மாறவேண்டும். மாறாமல் ஒரே பக்கம் ஓடினால், முதலில் இ-யூனிட்டைப் பூட்டும் நெம்பைப் பாருங்கள். பழுதே இருக்காது, யாரோ தள்ளிவிட்டிருப்பார்கள். விற்பவருக்கே அது தெரியாமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். விசில் பொத்தானை அழுத்தினால் டிரான்ஸ்பார்மர் ஏசியோடு கொஞ்சம் டிசியைக் கலந்து அனுப்பும். டெண்டரில் உள்ள ரிலே அதை உணர்ந்து சின்ன மோட்டாரை ஓட்ட, காற்று விசிலுக்குப் போகும். சத்தம் டெண்டரிலிருந்து வருவது உங்கள் காதுக்குத் தெரியும். இன்றைய ஒலிச் சில்லுகளில் பத்து வகை விசில் இருக்கிறது. இந்த ஒரு காற்றுச் சத்தத்துக்கு அவை ஈடில்லை என்று நான் சொன்னால் என் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

உள்ளே உள்ள கம்பிகளின் ரப்பர் உறை தொட்டால் உதிரும். அதை மாற்றியிருந்தால் மதிப்புக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. மாற்றாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. ஆனால் சேகரிப்பாளர்கள் சங்கமான டிசிஏ வைத்திருக்கும் தர வரிசை என்று ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியாவில் 1954-இல் தொடங்கிய அமைப்பு அது. ஸ்ட்ராஸ்பர்க்கில் அவர்களுக்கு அருங்காட்சியகமே உண்டு. சி-10 என்றால் கடையிலிருந்து வந்தபடியே, சி-8 என்றால் புதுசு போல, சி-7 மிகச் சிறப்பு, இப்படி இறங்கும். சந்தையில் எல்லோரும் இந்த எண்ணைச் சொல்லியே விலை பேசுகிறார்கள். விற்பவர் சொல்லும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மறுபெயின்ட் அடித்ததை சி-8 என்று சொல்பவரிடம் கழிக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம்.

போருக்கு முந்திய எஞ்சின்களில் துத்தநாக வார்ப்பு வீங்கி, வெடித்து, பொடியாவதைக் கண்டு பயந்தவர்கள் டர்பைனைத் தைரியமாக எடுக்கலாம். போருக்குப் பின் வார்த்தவற்றில் அந்த நோயை நான் பார்த்ததில்லை. உடைவது பெரும்பாலும் முன், பின் ட்ரக்குகளும் கேபின் கூரையின் மூலையும்தான். கீழே போட்டதன் தழும்பு.

ஓட்டத்துக்கு 681. பார்க்க 682. காசு குறைவென்றால் 2020. முதல் பல்போடு, மாற்றாத 1946 671 ஒன்று 2466டபிள்யூ டெண்டரோடு கிடைத்தால் ஓட்டுவதற்கென்று வாங்காதீர்கள், வைத்துக்கொள்ள வாங்குங்கள். 671ஆர்ஆர் என்பது வரிசையை முழுமையாக்குபவர்களுக்கு மட்டும். ஆரஞ்சும் நீலமுமான பழைய அட்டைப்பெட்டிக்கு எஞ்சின் விலையில் பாதி கேட்பார்கள். அந்தப் பெட்டிகளும் இப்போது புதிதாக அச்சாகின்றன, ஆகவே அதற்கு நான் தனியாகக் காசு தருவதில்லை.